பார்க்கும் உரிமையும் காக்கும் பொறுப்பும்: மதுரை வட்டாரத்தில் திரை, ஒலி ஊடகங்கள்

ஓடிடி எனப்படும் இணையவழித் திரைச்சேவை, படைப்பைப் பயனரின் உடைமையாக்காமல், சந்தா செலுத்தும் காலம்வரை பார்க்கவும் கேட்கவும் மட்டும் இசைவளிக்கும் முறையாகும். ஒலிநாடா, குறுந்தகடு முதலிய பருப்பொருள் ஊடகங்களோ படைப்பின் படியொன்றை வாங்கியவர் கையிலேயே ஒப்படைப்பவை. இவற்றுள் எது நிலைக்கும் என்ற விவாதம் பெரும்பாலும் வசதி, விலை, தரம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. படைப்பைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அளவுகோலாகக் கொண்டு நோக்கினால், இரு முறைகளின் நிறைகுறைகளும் மதுரை வட்டாரத்தில் தெளிவாகப் புலப்படும்.

1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் ‘பராசக்தி’ படத்துடன் திறக்கப்பட்டு, 2,563 இருக்கைகளோடு ஆசியாவின் மிகப்பெரிய திரையரங்காகப் பேசப்பட்ட மதுரைத் தங்கம் திரையரங்கு, ஓடிடி தளங்கள் தமிழகத்தில் பரவுவதற்கு முன்பே மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று ஜவுளிக்கடை இயங்குகிறது. ஆகவே பெருந்திரையரங்குகளின் சரிவுக்கு இணையத்தை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் நகர நடுவில் உயர்ந்த மனைவிலையும் அதனை முன்னரே தொடங்கிவைத்திருந்தன. மாறாக, சோழவந்தான் இளைஞனைக் கதைநாயகனாகக் கொண்ட ‘சூரரைப் போற்று’, பெருந்தொற்றுக் காலமான 2020 நவம்பரில் திரையரங்குகளுக்கு வராமல் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோது, ஓடிடி இல்லையேல் முடங்கியிருக்கக்கூடிய படமொன்று பல நாட்டுத் தமிழரையும் ஒரே நாளில் எட்டியது. ஊர்கூடிப் பார்க்கும் அனுபவம் இழக்கப்பட்டாலும், இவ்வீச்சு புறக்கணிக்கத்தக்கதன்று.

ஒலிநாடாவின் சிறப்பு வேறுவகையானது. பதிவுச் செலவு குறைந்ததால், பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் பொருட்படுத்தாத கிராமியப் பாடல்களும், நிலையான குழுவின்றி நடிகர்களைத் தனித்தனியாக ஓர் இரவுக்கு ஒப்பந்தம் செய்து நடத்தப்படும் ஸ்பெஷல் நாடகமும் சந்தைக்கு வந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த ‘வள்ளி திருமணம்’ கேசட்டாகித் திருவிழா மைக்செட்டுகளில் ஒலித்தது. எனினும், விரும்பிய பாடல்களை வெற்று நாடாவில் பதிந்துகொடுத்த கடைகளின் வருவாயில் கலைஞருக்குப் பங்கில்லை. பூஞ்சை பிடித்த நாடாக்களும் பழுதான கருவிகளும் எஞ்சியவற்றை வீட்டுப் பரண்களில் முடக்கின. இன்று அவற்றுள் சில யூடியூபில் ஏற்றப்பட்டு மறுவாழ்வு பெறுகின்றன என்றாலும், நடித்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவை இல்லாத பதிவு கேட்பவருக்கு இன்பமளிப்பினும் ஆய்வாளருக்கு அரைச் சான்றாகவே அமைகிறது.

இணையச் சேவையின் அடிப்படைக் குறை, படைப்பை நீக்கும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருப்பதாகும். 2023 டிசம்பரில் திரைக்கு வந்த ‘அன்னபூரணி’, எதிர்ப்புகளைத் தொடர்ந்து 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டபோது, சந்தாதாரர் அனைவருக்கும் அது ஒருசேர எட்டாததாயிற்று; வட்டாகப் பரவிய படத்தை அவ்வாறு ஒரே ஆணையால் வீடுதோறும் மறையச் செய்ய இயலாது. ஆயினும் பருப்பொருளாக இருப்பதனாலேயே ஒரு படைப்பு காப்புறுதி பெற்றுவிடுவதில்லை என்பதற்கு, 1931இல் வெளியாகி இன்று பிரதியே கிடைக்காத முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ சான்று.

எனவே விநியோகத்தையும் பாதுகாப்பையும் ஒரே அமைப்பிடம் எதிர்பார்ப்பதே இவ்விவாதத்தின் பிழை. விநியோகத்தில் இணையம் மேலும் வலுப்பெறும். பாதுகாப்போ சட்டக் கடமையாக வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நூலின் படியையும் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு வழங்குமாறு பதிப்பாளரைப் பணிக்கிறது. ஒலிநாடாவுக்கும் திரைப்படத்துக்கும் அச்சட்டம் பொருந்துவதில்லை. அக்கடமையை ஒலி, ஒளிப் படைப்புகளுக்கும் விரிவாக்கி, 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத் தென்மாவட்டப் பதிவுகளின் வைப்பகமாக்கினால், தளங்கள் மாறினாலும் சந்தாக்கள் முடிந்தாலும் இவ்வட்டாரக் கலைகளின் சான்றுகள் பொதுவுடைமையாக நிலைபெறும்.