சுட்டின் இருப்பும் பொருத்தமும்: லினக்ஸ் கருநிரலின் ஆவணச் சரிபார்ப்பு

லினக்ஸ் கருநிரலின் மூலநிரலில் இடம்பெறும் விளக்கக் குறிப்புகள், விரிவான செய்திகளுக்கு ஆவணக் கோப்புகளைப் பெயரால் சுட்டுகின்றன. 2016ஆம் ஆண்டு முதல் ஆவணங்கள் ஸ்பிங்க்ஸ் முறைக்கு மாற்றப்பட்டபோது, உரைக்கோப்புகள் பலவற்றின் பெயரும் இடமும் மாறின. அவற்றைச் சுட்டிய குறிப்புகள் பல பழைய நிலையிலேயே நின்றன. இவ்வாறு முறிந்த சுட்டுகளைக் கண்டறியப் பெர்ல் மொழியில் தனி நிரலொன்று எழுதப்பட்டது. மென்பொருளைக் கட்டமைக்கும்போதே அதனை இயக்கும் விருப்பத் தெரிவு 2019இல் சேர்க்கப்பட்டது.

இம்முறையின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும், அது சோதிப்பது கோப்பின் இருப்பை மட்டுமே. சுட்டப்பட்ட கோப்பு இருந்து, அதிலிருந்த உரிய பகுதி நீக்கப்பட்டிருப்பின் எச்சரிக்கை எழாது. தானாகத் திருத்தும் வசதியும் கருதத்தக்கது. ஒத்த பெயருடைய கோப்புகள் பல கிடைப்பின் நிரல் திருத்தாமல் விட்டுவிடுகிறது. இது பாராட்டுக்குரிய அடக்கம். ஒன்றே கிடைப்பின் அதனையே உரியதெனக் கொள்கிறது. அங்குப் பெயரொற்றுமை பொருளொற்றுமையாகக் கொள்ளப்படுகிறது.

முறிந்த சுட்டு தன் குறையைத் தானே காட்டிவிடும். தவறான கோப்புக்குச் செல்லும் சுட்டோ குறையை மறைத்துவிடும். ஆகவே, எச்சரிக்கையின்மை ஆவணத்தின் செம்மைக்குச் சான்றாகாது. தானியங்கித் திருத்தம் ஒவ்வொன்றையும் பொருளறிந்தவர் படித்து ஏற்பதே முறையாகும்.