ஒப்பந்தத்தில் அடங்காத இடர்

இந்திய வருமான வரித்துறையின் பழைய இணையதளம் 2021 ஜூன் 1 முதல் 6 வரை மூடிக்கிடந்தது. 7ஆம் தேதி புதிய தளம் திறந்தது. பழையது திரும்ப வரவே இல்லை. லாகின் ஆகவில்லை, ஓ.டி.பி. வரவில்லை, முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன்களைக் காணோம் என்று நாடு முழுவதும் ஆடிட்டர்கள் புகார் செய்தார்கள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் பகிரங்கமாகவே, தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸிடம் கேட்டார். ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரி சலீல் பரேக் டெல்லிக்கு அழைக்கப்பட்டார். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. இது 2019இல் 4,242 கோடி ரூபாய்க்கு ஒதுக்கப்பட்ட வேலை. ஆளோ பணமோ அனுபவமோ குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

கேட்டவர்களுக்கென்றே செய்து தரும் மென்பொருளில், கோடு எழுதும் மாதங்களைவிடப் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓடவிடும் நாள்தான் பெரிய கண்டம். அந்த நாளை இந்தியாவும் இலங்கையும் அணுகும் விதம் வேறு. இரண்டிலும் கற்க வேண்டியது இருக்கிறது, இரண்டிலும் ஓட்டை இருக்கிறது.

இந்தியாவில், குறிப்பாக அரசு வேலைகளில், இடரைக் காகிதத்தில் கட்டிப்போடுவதுதான் வழக்கம். டெண்டர், அதற்கு முன் விளக்கக் கூட்டம், வங்கி உத்தரவாதம், தேவைகளை எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள், அதன் மேல் கையெழுத்து, தாமதத்துக்கு அபராதம் என்று எல்லாம் முறைப்படி நடக்கும். கையெழுத்தான பிறகு ஒரு பட்டனை நகர்த்தச் சொன்னாலும் 'சேஞ்ச் ரெக்வெஸ்ட்' போட வேண்டும். ஒன்று உடைந்தால் யார் பணம் கட்டுவது என்பதை இந்தக் காகிதம் தீர்த்துவைக்கும். உடையாமல் காப்பது அதன் வேலை அல்ல. ஜி.எஸ்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களின் வரிவிகிதங்களை ஜி.எஸ்.டி. கவுன்சில் ஸ்ரீநகரில் கூடி முடிவுசெய்தது 2017 மே 18, 19 தேதிகளில். வரி அமலுக்கு வந்தது ஜூலை 1 அன்று. சட்டத்தின் ஈரமே காயாதபோது அதன்மேல் கட்டிய தளம் தடுமாறாமல் என்ன செய்யும்? நவம்பருக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-2, ஜி.எஸ்.டி.ஆர்-3 படிவங்களையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

அதே இந்தியாவில்தான் பாஸ்போர்ட் சேவா திட்டமும் நடந்தது. டி.சி.எஸ். நிறுவனத்திடம் கொடுத்த அந்த வேலையை 2010இல் பெங்களூரு, சண்டிகர் வட்டாரங்களில் மட்டும் ஓடவிட்டார்கள். நிஜமான விண்ணப்பதாரர்கள் வந்தார்கள், நிஜமான கூட்டம் வந்தது. அதற்குப் பிறகே மற்ற ஊர்களுக்குப் போய், 2012இல் 77 சேவை மையங்களாக விரிந்தது. நிறுவனத்துக்கான பணமும் முடித்துத் தந்த சேவையின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைந்தது. மென்பொருளை ஒப்படைத்துவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது என்று யாரும் கைகழுவ முடியாத ஏற்பாடு. ஒப்பந்தம் என்பது இப்படி இருந்தால் எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

இனி கொழும்புக்கு அருகே உள்ள மாலபே. அங்கே வளாகம் அமைத்திருந்த மில்லேனியம் ஐ.டி. 1996இல் தொடங்கியது. தன் பங்கு வர்த்தக மென்பொருளை முதலில் கொழும்புப் பங்குச் சந்தையில், சின்ன அளவில் ஓட்டிக்காட்டியது. லண்டன் பங்குச் சந்தை அப்போது ட்ரேட்எலெக்ட் என்ற அமைப்பில் இயங்கியது. 2008 செப்டம்பர் 8 அன்று அது ஏறக்குறைய ஏழு மணிநேரம் முடங்கிப்போனது. மறு ஆண்டு லண்டன் சந்தை மாலபே நிறுவனத்தையே 3 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையாளரிடம் அபராதம் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, செய்யத் தெரிந்தவர்களை வீட்டுக்குள் கூட்டிக்கொள்வது மேல் என்று முடிவுசெய்தார்கள் போலும்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் பாடம். புதிய அமைப்பைத் தலைமைச் சந்தையில் ஏற்றவில்லை. தங்கள் கைக்கு வந்திருந்த டர்கோய்ஸ் என்ற சிறிய வர்த்தகத் தளத்தில் 2010 அக்டோபரில் ஏற்றினார்கள். நவம்பரில் அங்கே இரண்டு மணிநேரம் வர்த்தகம் நின்றது. டிசம்பரில் நடக்கவிருந்த பெரிய மாற்றத்தை உடனே ஒத்திவைத்தார்கள். கோ-லைவ் தேதி அறிவித்த பிறகு அதைத் தள்ளிப்போடுவது எவ்வளவு கடினம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், பத்திரிகைகள் எழுதும், தரகு நிறுவனங்கள் முணுமுணுக்கும். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு 2011 பிப்ரவரி 14 அன்றுதான் மாற்றினார்கள். அப்போதும் 25ஆம் தேதி காலையில் சந்தை நான்கு மணிநேரம் நின்றது உண்மை. ஆனால் திருத்துகிறவர்கள் உள்ளேயே இருந்தார்கள், டர்கோய்ஸில் பட்ட அடி அவர்களுக்குப் பழகியிருந்தது.

இலங்கை நிறுவனங்களின் பலம் இதுதான். சிறிய குழு, அடிக்கடி டெமோ, எழுதுகிறவரே வாடிக்கையாளரிடம் நேரில் பேசும் பழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் மென்பொருளைக் காட்டினால், தவறான புரிதல் ஆறு மாதம் வளர வழியில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வேலைசெய்தே கற்ற முறை இது.

அந்த ஒழுங்கு உள்நாட்டு அரசு வேலைகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ராமிஸ் அமைப்பை நாடாளுமன்றக் குழு மறுபடி மறுபடி கேள்வி கேட்டது. அதைவிட மோசமானது 2023 ஆகஸ்டில் நடந்தது. அரசாங்க கிளவுடில் ரான்சம்வேர் புகுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்துபோன மின்னஞ்சல்கள் ஏறத்தாழ 5,000 முகவரிகளில் அழிந்துபோயின. இணைப்பிலிருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே எடுத்துவைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்ததோ மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்சேஞ்ச் 2013. புதுப்பிக்க வேண்டும் என்று 2021இலேயே நினைத்திருந்தார்கள், நிதி கிடைக்கவில்லை. கட்டுவதற்குக் கடனும் மானியமும் கிடைக்கும் நாட்டில், கட்டியதைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க ஆளில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விமானம் ஏறிய பொறியாளர்களோடு எத்தனையோ அமைப்புகளின் உள்விவரமும் போய்விட்டது. சின்னக் குழுவின் பலமே இங்கே பலவீனமாகிறது. இந்தியாவின் அலுப்பூட்டும் ஆவணங்கள் இந்த இடத்தில் அருமையானவை.

இப்போது இரண்டு வழக்கங்களும் ஒரே திட்டத்தில் சந்திக்கின்றன. இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு இந்தியா 300 கோடி இந்திய ரூபாய் மானியம் தருகிறது. அதில் 45 கோடியை 2023 ஆகஸ்டில் முன்பணமாகக் கொடுத்தது. அடித்தளமாகப் பேசப்படும் மோசிப், பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யில் உருவான திறந்தமூல மென்பொருள். சோர்ஸ் கோடு ஒரு நிறுவனத்தின் பெட்டியில் பூட்டிக்கிடக்காது என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் அது இலங்கைத் தரவுகளோடு மல்லுக்கட்டியாக வேண்டும்.

பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த எண்ணில் பன்னிரண்டு இலக்கம், ஆண்டுக்கு நான்கு. பத்து எழுத்துக்கு மட்டும் இடம்விட்டு எழுதிய மென்பொருள்கள் அன்றே சிக்கலில் மாட்டின. ஒரே ஆளுக்கு இரண்டு வடிவ எண்கள் இருந்தால் இரண்டு ஆளாகப் பதிவாகலாம். தமிழர் பெயரில் தந்தை பெயர் முன்னால் நிற்கும். குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில் அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

இதையெல்லாம் கொழும்பில் குளிரூட்டிய அறையில் பத்து மாதிரிப் பதிவுகளை வைத்துச் சோதித்தால் தெரியவராது. கிளிநொச்சியிலும் நுவரெலியாவிலும் தலா ஒரு பிரதேச செயலகத்தைத் தேர்ந்தெடுத்து, பழைய அட்டை செல்லும்போதே புதியதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையில் ஒன்று நின்றுபோனால், நாடளாவிய தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஒரு அலுவலரிடம், பெயர் குறிப்பிட்டு, இப்போதே கொடுக்கப்பட வேண்டும்.