நன்னூற் பாயிரமும் இல்லிக்குடமும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலே சீயகங்கன் வேண்டுகோட்கு இணங்கி இயற்றிய நன்னூல், எழுத்துஞ் சொல்லும் உணர்த்தும் இலக்கண நூலென்றே பலராலும் அறியப்படுவது. ஆயின், அதன் முகப்பிலே நிற்கும் பொதுப்பாயிரம் இலக்கணங் கூறுவதன்று. நூலினது இயல்பு, ஆசிரியனது இயல்பு, அவன் பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கனது இயல்பு, அவன் பாடங் கேட்கும் முறை என்னும் ஐந்தையும் எடுத்தோதும் அப்பகுதி, கல்வி முறை பற்றிய ஒரு சிறுநூலெனத் தனித்து வைத்து ஆராயுந் தகுதியுடையது. ஆறுமுக நாவலர் விருத்தியுரையைப் பதிப்பித்தும் காண்டிகையுரை வகுத்தும் இந்நூலைப் பரப்பினமையின், யாழ்ப்பாணத்துக் கல்வி மரபிற்கும் பாயிரத்திற்கும் உள்ள தொடர்பு நெருங்கியது. அத்தொடர்பிலே ஒரு குறையும் உண்டு. பாயிரத்தின்கண் இரண்டு குரல்கள் கேட்கின்றன. அவற்றுள் ஒன்றையே பாடசாலைகள் பெரிதுஞ் செவிமடுத்தன.

முதலாவது குரல் மாணாக்கரை வகை பிரிப்பது. அன்னமும் ஆவும் போல்வார் தலை மாணாக்கர். மண்ணுங் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன போல்வார் கடை மாணாக்கர். உவமைகள் யாவும் கண்முன் நிற்பன. புல்லை நிரம்ப மேய்ந்தபின் ஓரிடத்திற் கிடந்து அசைபோடும் பசுவையும், கிடைத்த தழைகளுள் ஒன்றிலும் நில்லாது ஓடியோடிக் கடிக்கும் ஆட்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், கற்பார் இருவருடைய வேற்றுமை ஒரு நொடியில் விளங்கும். உவமையின் அழகே இங்குத் தீங்கும் செய்தது. வார்த்த நீரை ஓட்டை வழியே ஒழுகவிடும் குடம் ஒரு மாணாக்கனுக்குப் பெயராய்விடின், ஆசிரியன் செய்தற்கு யாதும் எஞ்சாது. பிறவியிலேயே ஓட்டை, யார் என் செய்வர்?

ஜேர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆராய்ச்சி இவ்விடத்து நினைக்கத்தக்கது. பொருளில்லாத அசைகளை வரிசை வரிசையாக நெட்டுருச் செய்து, சிற்சில இடைவேளைகளின் பின்னர் அவற்றையே மீளக் கற்று, இரண்டாம் முறை எவ்வளவு முயற்சி மிச்சமாயிற்று என்று அவர் அளந்தார். ஒரு மணி நேரஞ் சென்றபின் மிச்சமானது ஏறத்தாழ நூற்றுக்கு 44. ஒரு நாளின் பின் 34. ஒரு திங்களின் பின் 21. இச்சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. கல்வியிற் சிறந்த அவ்வறிஞருடைய குடமும் முதல் மணி நேரத்திற்குள்ளேயே பாதிக்குமேல் ஒழுகிற்று. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் மறவாதென்பது உண்மையே. எனினும் மறதி கடை மாணாக்கனுக்கே உரிய குற்றமன்று, மாந்தர் அனைவர்க்கும் பொதுவாய இயல்பு என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, இல்லிக்குடத்தை மாணாக்கர் வகைகளுள் ஒன்றாக எண்ணியது பாயிரத்தின் வழு எனல் வேண்டும்.

இவ்வழுவைத் திருத்துவது பாயிரத்தின் இரண்டாங் குரலேயாம். நூலைப் பயிலும் இயல்பு கூறுமிடத்து ஏழு செயல்கள் வைக்கப்படுகின்றன. உலக வழக்கை அறிதலும் பாடத்தை மறவாது பேணுதலும் முன்னிற்பன. அவற்றின்பின், கேட்டதைத் தானே சிந்தித்தல், ஆசிரியனை மீளவும் அடைந்து அதனை மனங்கொளக் கேட்டல், ஒத்த மாணாக்கரோடு பழகுதல், அவரை வினாவுதல், அவர் வினாவியதற்கு விடையிறுத்தல் என்பன முறையே வருகின்றன. இவற்றுள் எதுவும் அன்னத்திற்கென்றோ கிளிக்கென்றோ ஒதுக்கப்படவில்லை.

இவ்வரிசையின் நுட்பம் உரைகாரராலும் போதிய அளவு விரிக்கப்படவில்லை. சிந்தித்தல் முன்னும் மீளக் கேட்டல் பின்னும் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. அமெரிக்காவிலே ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உரைநடைப் பகுதியொன்றை இருமுறை படித்த மாணவரும், ஒருமுறை படித்துவிட்டுப் பின் ஏட்டைப் பாராது நினைவுகூர்ந்து எழுதிய மாணவரும் ஒப்பிடப்பட்டனர். 5 நிமிடங் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர் நூற்றுக்கு 81 பங்கும் மற்றவர் 75 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு கிழமை கழித்தோ நிலை தலைகீழாயிற்று: முன்னவர்க்கு 42, பின்னவர்க்கு 56. ஏட்டை மீட்டும் மீட்டும் புரட்டுவோன் பரீட்சைக்கு முதல்நாள் இரவு அடையும் மனநிறைவு எத்துணைப் பொய்யானது என்பதற்கு வேறு சான்று வேண்டா. இனி, தானே நினைவுகூருங்கால் பிழையும் உடன் புகுதல் கூடும். அப்பிழை நிலைத்துவிடாமற் காப்பதற்கே ஆசிரியனை மீளவும் அடைதல் அடுத்து வைக்கப்பட்டது என்று கொள்ளுதல் பொருந்தும்.

பாயிரங் கூறாது விட்டதும் ஒன்றுண்டு. இருமுறை கேட்பவன் பெரிதும் பிழையுறான், மும்முறை கேட்பவன் முறையறிந்து பிறர்க்குச் சொல்ல வல்லனாவான் என எண்ணிக்கை கூறிற்றேயன்றி, ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடையே எத்துணைக் காலம் வேண்டுமென்று கூறவில்லை. எபிங்ஹவுஸ் தம் சோதனையொன்றில் ஒரே நாளிற் செய்த 68 உருவால் விளைந்த பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து செய்த 38 உருவாற் பெற்றார். பசுவின் உவமையுள் இக்கருத்து உறங்கிக் கிடக்கின்றது எனலாம். மேய்தலும் அசைபோடுதலும் ஒரே பொழுதில் நிகழ்வன அல்லவே. ஆயினும் உவமை விதியாகாது.

பாயிரத்தின் துணிவு மிக்க கூற்று இறுதியில் வருவது. ஆசிரியனிடத்துச் செவ்வனே கேட்டாலும் புலமையிற் காற்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் நிரம்பும். இப்பின்னங்களை அளவையாகக் கொள்ளுதல் பேதைமை. ஆசிரியனது பங்கைக் காலாகக் குறைத்து, மாணாக்கனை ஆசிரியன் இடத்தில் நிறுத்தியதே இதன் கருத்து. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பாடசாலையை நடத்திய அந்திரு பெல் என்பவர், மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரால் அது பல நாடுகளிற் பரவிற்று. செலவு சுருங்கும் என்பதே அதனை விரும்பினார் பலர்க்குக் காரணமாயிருந்தது. நன்னூலார்க்கோ கற்பிக்கும் மாணாக்கனே கருத்து. அவன் புலமை நிரம்புதற்கே அவன் சொல்லுதல் வேண்டும்.

இத்தகைய பாயிரத்தைக் கற்பிக்கும் வகுப்பிலேயே இது நிகழ்கின்றதா என்று நோக்கின், பெரும்பாலும் காணப்படுவது வேறு. எட்டு உவமைகளும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. மாணவர் பெயர்த்தெழுதி உருப்போடுகின்றனர். காலும் அரையும் கூறும் பகுதியையும் ஆசிரியரே விளக்கி முடிக்கின்றார். மணி அடித்ததும் அடுத்த பாடத்திற்குரிய ஏடு எடுக்கப்படுகின்றது.