கர்தினாலின் விருந்து மேசை

“இங்கே அரசியல் பேசாதீர்” என்னும் பலகையை நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் கண்டிராதவர் இலர். கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. உடையும் கண்ணாடி அவருடையது. தேர்தல் முடிந்து ஆண்டு பல கழிந்தும் முகங்கொடுத்துப் பேசாத உடன்பிறந்தாரை நம் பங்குகளிலேயே அறிவோம். எனினும் வாய்மூடியிருப்பது ஒன்றே வழியா? இவ்வினாவோடுதான் புனித தாமஸ் மூரின் ‘உட்டோப்பியா’வை அண்மையில் மீண்டும் படித்தோம். 1516இல் இலத்தீனில் வெளிவந்த அந்நூலைக் கனவு நாடொன்றின் வருணனையாகவே பலரும் அறிவர். அதன் முதற்பகுதியோ, மாறுபட்ட கருத்துடையோர் அரசியல் பேசும் முறை பற்றியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதில் ஒரு விருந்து வருகிறது. காண்டர்பரிப் பேராயரும் அரசரின் சான்சலருமான கர்தினால் ஜான் மோர்ட்டனின் மேசை. (மூர் சிறுவராக அவர் இல்லத்தில் பணிபுரிந்து வளர்ந்தவர்.) சட்டம் கற்ற ஒருவர், திருடரைத் தூக்கிலிடுவதைப் புகழ்கிறார், அத்தனை பேர் தூக்கில் தொங்கியும் திருட்டு குறையாததை எண்ணி வியக்கவும் செய்கிறார். ரஃபேல் ஹித்லோடே என்னும் பயணி மறுக்கிறார். போரில் ஊனமுற்றோர், தலைவன் இறந்ததும் துரத்தப்பட்ட ஏவலாளர், கம்பளி வணிகத்தின் பொருட்டு வயல்கள் மேய்ச்சல் நிலமாய் வேலியிடப்பட்டதால் வீடிழந்த உழவர், இவர்களெல்லாம் எதை உண்டு வாழ்வர்? பிழைக்க வழி செய்யாது கழுத்தில் கயிறு மாட்டுவது நீதியாகாது என்கிறார்.

சட்ட வல்லுநர் விடையளிக்கத் தொடங்குகிறார். எதிராளி கூறியதை முதலில் வரிசையாகத் தொகுப்பேன், பின்னர் ஒவ்வொன்றாய்த் தகர்ப்பேன் என்கிறார். இத்தகையோரை நாம் அறியாதவர் அல்லர். கர்தினால் அவரைக் கையமர்த்தி, மறுமொழியை மறுநாள் வைத்துக்கொள்வோம் என்று கூறிவிட்டு, மரணத்திற்குப் பதில் எத்தண்டனை தகும் என்று ரஃபேலை வினவுகிறார். வெல்வதற்காகவன்று, அறிவதற்காகக் கேட்ட வினா அது. ரஃபேல் சொல்லி முடித்ததும் வல்லுநர் தலையசைத்து மறுக்க, அவையோர் அனைவரும் அவர் பக்கம் சாய்கின்றனர். கர்தினால் மட்டும், செய்து பாராமல் தீங்கென்று எவ்வாறு சொல்வது, சிறிது காலம் சோதித்துப் பார்க்கலாமே என்கிறார். உடனே அதே அவையோர் அக்கருத்தைப் புகழ்ந்து தள்ளுகின்றனர்! அரசியல் உரையாடலைக் கெடுப்பது சினம் மட்டுமன்று, பெரியவர் முகம் பார்த்துப் பேசும் பழக்கமும்தான் என்பதை மூர் இவ்வாறு சிரித்துக்கொண்டே காட்டிவிடுகிறார்.

உட்டோப்பிய ஆட்சி மன்றத்திற்கு ஒரு விதியும் உண்டு. முன்வைக்கப்பட்ட நாளிலேயே எப்பொருளும் விவாதிக்கப்படலாகாது; வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டவர், பின்னர் நாட்டின் நலனைக் காக்காமல் தம் சொல்லைக் காக்கவே முனைவார் என்பதனால். மனித நெஞ்சை அறிந்தவர் வகுத்த விதி இது.

ஆனால் நூலாசிரியரை முற்றிலும் மெச்சிவிட நமக்கு மனம் வரவில்லை. அதே உட்டோப்பியாவில் மன்றங்களுக்கு வெளியே பொதுக் காரியங்களை ஆலோசிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். நம் தேநீர்க் கடைப் பலகை எவ்வளவோ இரக்கமுள்ளது. மூரின் வாழ்விலும் இம்முரண் உண்டு. 1523இல் பொதுமக்கள் அவையின் சபாநாயகராக, உறுப்பினர் அச்சமின்றிப் பேச உரிமை வேண்டுமென எட்டாம் ஹென்றியிடம் விண்ணப்பித்தவர் அவர். அதே ஆண்டில் புனைபெயரில் லூத்தருக்கு எழுதிய மறுப்பிலோ, அச்சிடக் கூசும் வசைகள் மலிந்துள்ளன. 1529 முதல் 1532 வரை அவர் சான்சலராயிருந்தபோது தப்பறையாளர் எரிக்கப்பட்டனர். அதனை அவர் தவறெனக் கருதவில்லை. 1535இல் மனச்சான்றின் பொருட்டுத் தம் தலையையே ஈந்தவர் என்பது இதனை மறைப்பதில்லை. நம்மை இன்னும் கலங்கவே வைக்கிறது.

இறுதிப் பக்கத்தில் மூர் தாமே ஒரு பாத்திரமாய் நிற்கிறார். ரஃபேல் தம் நெடிய புகழுரையை முடிக்கிறார். பொதுவுடைமை முதலாகப் பலவற்றில் மூருக்கு உடன்பாடில்லை. பேசிக் களைத்தவர் மறுப்பைத் தாங்குவாரோ என்ற ஐயத்தால், இதனை வேறொரு நாள் ஆழ்ந்து பேசுவோம் என்று சொல்லி, கையைப் பற்றி உணவருந்த அழைத்துச் செல்கிறார். மாறுபாட்டை வாசகரிடம் மட்டுமே தெரிவிக்கிறார். இது பண்பா, நழுவலா? பண்பு என்ற பக்கமே நாம் சாய்கிறோம். ஆயினும் அந்த ‘வேறொரு நாள்’, சட்ட வல்லுநருக்கு வாக்களிக்கப்பட்ட ‘மறுநாள்’ போலவே, நூலில் வருவதில்லை.