இரண்டு ஆண்டுத் தலைமையும் இருபத்தைந்து ஆண்டு வேலையும்

ஹூஸ்டனில் 2023 ஜூனில் நடந்த மாநாட்டுக்கு அமெரிக்க நிறை நிறமாலையியல் சங்கம் இட்ட எண் 71. சங்கம் தொடங்கிய ஆண்டோ 1969. கணக்கு இடிப்பதுபோல் தோன்றும். பிழை எதுவும் இல்லை. பொருள்களின் தரச்சோதனை முறைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பொன்று 1952-இல் ‘ஈ-14’ என்ற குழுவை ஏற்படுத்தியது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் நிறை நிறமாலைமானியைக் கையாள்பவர்கள் அக்குழுவின் பெயரில் 1953 முதல் ஆண்டுதோறும் கூடினார்கள். அந்தக் கூட்டமே பின்னாளில் சங்கமாயிற்று. மாநாட்டு எண்ணும் அங்கிருந்தே தொடர்கிறது. ஆக, சங்கம் மாநாட்டைப் பெறவில்லை, மாநாடுதான் சங்கத்தைப் பெற்றது. இந்தப் பிறப்பு வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், அச்சங்கத்தை நடத்துபவர்கள் எப்படித் தேர்வாகிறார்கள், எதைச் சிறப்பாகச் செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்ற மூன்றுக்கும் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். அந்தத் தலைமைமுறை மாநாடு நடத்துவதற்காக வார்க்கப்பட்டது. மாநாட்டுக்கு அப்பாற்பட்ட வேலைகளை அதன் தலையில் ஏற்றும்போதுதான் அது பிசகுகிறது.

முறை எளிமையானது. நிகழ்ச்சிகளுக்கான துணைத் தலைவராக ஒருவர் முதலில் வருகிறார். இரண்டு ஆண்டுகள் மாநாட்டின் அறிவியல் நிகழ்ச்சிகளை வகுக்கிறார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவரே தலைவர். அதன்பின் இரண்டு ஆண்டுகள் முன்னாள் தலைவர் என்ற பெயரில் நிர்வாகக் குழுவில் நீடிக்கிறார். ஏற்பாடுகளுக்கு இன்னொரு துணைத் தலைவர், செயலர், பொருளாளர், பொது உறுப்பினர்கள் என மற்றவர்களும் உண்டு. இவர்கள் ஊதியத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். சொந்த ஆய்வகப் பணிக்கு நடுவே நேரம் ஒதுக்கித் தருபவர்கள். தலைவர் பதவி இரண்டு ஆண்டுகள்தான் என்றாலும், அதை ஏற்பவர் உண்மையில் ஆறு ஆண்டுகளைக் கொடுக்கிறார். இந்த ஆறு ஆண்டு ஏணியே அந்த முறையின் உயிர். அதன் நோயும் அதிலிருந்தே வருகிறது.

நன்மைகளை முதலில் பார்ப்போம். மூலக்கூறுகளை மின்னூட்டம் பெற்ற அயனிகளாக்கி, அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அளப்பதே நிறை நிறமாலையியல். விளையாட்டு வீரரின் சிறுநீரில் ஊக்கமருந்தைக் கண்டறிவதற்கும், பச்சிளங்குழந்தையின் ஒரு சொட்டு இரத்தத்தில் பிறவி வளர்சிதைக் கோளாறைப் பிடிப்பதற்கும், ஆற்று நீரில் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளப்பதற்கும் அதே கருவிதான். இத்தனை துறையினர் ஒரே கூரையின் கீழ் கூடும்போது எந்தத் துறைக்கு எத்தனை அமர்வு, யாருக்கு உரை, யாருக்குச் சுவரொட்டி என்று பிரித்துக் கொடுப்பவருக்கு முழுப் பரப்பும் தெரிந்திருக்க வேண்டும். நிகழ்ச்சிப் பொறுப்பில் இரண்டு ஆண்டுகள் இருப்பவர் வந்து குவியும் ஆய்வுச் சுருக்கங்களைப் பார்த்தே அந்தப் பரப்பைக் கற்றுக்கொள்கிறார். தலைவர் நாற்காலியில் அமரும் நாளில், துறை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அரிது. பேரும் புகழும் பார்த்துத் தலைவரைக் கூட்டிவந்து உட்காரவைக்கும் சங்கங்களுக்கு இந்தப் பயிற்சி வாய்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய நன்மை, துறை யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகிவிடாமல் இந்தச் சுழற்சி காப்பது. 1950-களில் இக்கருவிக்குப் பெரும் வாடிக்கையாளர்கள் பெட்ரோலிய ஆய்வகங்கள். உயிரியல் மூலக்கூறுகளுக்கு அது அன்று ஏறக்குறைய எட்டாத கனி. புரதத்தைச் சிதைக்காமல் ஆவியாக்க வழி தெரியவில்லை. 1988-இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜான் ஃபென்னின் குழுவினர், கரைசலை மின்னூட்டம் பெற்ற நுண்துளிகளாகத் தெளிக்கும் எலக்ட்ரோஸ்பிரே முறையில் புரதங்களை அளந்த முடிவுகளை முன்வைத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் அன்றைய ஓய்வு வயதான எழுபதை அப்போது ஃபென் கடந்திருந்தார். மூலக்கூற்றுக் கற்றை ஆய்விலிருந்து இத்துறைக்கு வந்தவர். அதன்பின் சில ஆண்டுகளில் துறையின் ஈர்ப்பு மையமே உயிரியலுக்கு மாறிற்று. பழைய பயனர்களின் கையில் பதினைந்து இருபது ஆண்டுகள் தலைமை தங்கியிருந்தால் அந்த மாற்றத்துக்குச் சங்கம் இவ்வளவு விரைவாக இடங்கொடுத்திருக்குமா என்பது ஐயமே. உயிர்மருத்துவப் பயன்பாடுகளில் முன்னோடியான கேத்தரின் ஃபென்ஸலாவ் 1982 முதல் 1984 வரை தலைவராக இருந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சுழலும் தலைமை அலைக்கு முன்பே திரும்பக்கூடியது என்று தெரியும். பெண்களின் இடமும் அப்படியே: 2002–2004-இல் கேத்தரின் காஸ்டெல்லோ, 2014–2016-இல் ஜெனிஃபர் பிராட்பெல்ட், அடுத்த இரண்டு ஆண்டுகள் விக்கி வைசாக்கி, 2020–2022-இல் சூசன் ரிச்சர்ட்சன். இயற்பியல்சார் துறைகள் பலவற்றில் இப்படியொரு பட்டியலைக் காண்பது கடினம். நாற்காலி அடிக்கடி காலியாவதால் புதியவர்கள் அதை எட்ட முடிகிறது.

இனிக் குறைகள். மேலே சொன்ன பட்டியலை இன்னொரு கண்ணோடு பார்க்கலாம். 2014 முதல் 2022 வரை தலைவர்களாக இருந்த நால்வர் பிராட்பெல்ட், வைசாக்கி, ரிச்சர்ட் யோஸ்ட், ரிச்சர்ட்சன். டெக்சாஸ், ஒஹையோ, ஃபுளோரிடா, தென் கரோலினா என மாநிலம்தான் வேறு. நால்வரும் அப்போது பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள். இவர்களின் தகுதியில் குறை சொல்ல எதுவுமில்லை. மருந்துகளையும் மாசுகளையும் அளக்க உலக ஆய்வகங்கள் இன்று நம்பியிருக்கும், டிரிப்பிள் குவாட்ருபோல் என்னும் முந்நான்முனைக் கருவியை 1970-களின் இறுதியில் கிறிஸ்டி எங்கேயுடன் சேர்ந்து உருவாக்கியவர் யோஸ்ட். ஆனால் இத்துறையில் உழைப்பவர்களில் பேராசிரியர்கள் ஒரு பகுதியினர்தான். மருந்து நிறுவன ஆய்வாளர், மருத்துவமனை ஆய்வகர், அரசுச் சோதனைக்கூடத்தார், கருவி செய்யும் பொறியாளர், பல்கலைக்கழகப் பொதுக்கருவி மையங்களில் நாள் முழுவதும் பிறர் மாதிரிகளை ஓட்டிக் கொடுப்பவர் எனப் பெருங்கூட்டம் வெளியே நிற்கிறது. தொழில்துறையிலிருந்து எவரும் வந்ததே இல்லை என்று சொல்லவில்லை. ஏணியின் அமைப்பு யாருக்கு வாகானது என்பதே கேள்வி. ஊதியமில்லாத ஆறு ஆண்டுச் சேவை பேராசிரியருக்குப் பணிப்பெருமையாக எழுதப்படும். அதே சேவைக்காக மருந்து நிறுவன ஊழியர் மேலாளரிடம் விடுப்புக் கேட்க வேண்டும். பொதுக்கருவி மையப் பணியாளருக்குத் தன் மாதிரி வரிசையை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லை. விதி எவரையும் தடுக்கவில்லை, நேரம் தடுக்கிறது.

திறமை அந்த வெளிவட்டத்தில் இல்லையோ என்று ஐயப்படுவோருக்கு இத்துறையின் வரலாறே விடை சொல்கிறது. கியோட்டோவின் ஷிமாட்ஸு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கொய்ச்சி தனாக்காவுக்கு முனைவர் பட்டம் இல்லை. லேசர் கொண்டு பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் அயனியாக்கும் தன் முறையை 1987-இல் ஜப்பானிய நிறை நிறமாலையியல் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்திலும், அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பான்–சீனக் கூட்டுக் கருத்தரங்கிலும் அவர் முன்வைத்தார். பின்னதற்கு வந்திருந்த அமெரிக்கரான ராபர்ட் காட்டர் செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுசென்றார். 2002-இல் ஃபென்னோடு தனாக்காவும் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். இன்று புரத ஆய்வின் முதுகெலும்பாக இருக்கும் ஆர்பிட்ராப் கருவியைப் படைத்த அலெக்சாண்டர் மக்காரவும் நிறுவன ஆய்வாளரே. அமெரிக்கச் சங்கம் 2008-இல் தன் உயரிய விருதை அவருக்கு அளித்தது. ஆக, சங்கங்கள் இத்தகையோருக்கு மேடை தந்திருக்கின்றன, மாலையும் போட்டிருக்கின்றன. வெளிச்சத்துக்கு வராமல் உழைப்பவர்களுக்கென்றே அமெரிக்கச் சங்கம் அல் யெர்கி பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியிருப்பதும் நல்ல செயல்தான். ஆனால் விருது மரியாதை, பதவி அதிகாரம். மரியாதையைப் பரவலாக்கிவிட்டு அதிகாரத்தைக் குறுகிய வட்டத்தில் வைத்திருப்பது பாதி நியாயமே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு நிறை நிறமாலைமானியின் விலை கோடிகளில். தெர்மோ, வாட்டர்ஸ், அஜிலென்ட், புரூக்கர், ஷிமாட்ஸு போன்ற சில நிறுவனங்களின் கையில்தான் சந்தை இருக்கிறது. அவற்றின் ஊழியர் தலைவரானால் மாநாட்டு மேடை விற்பனைக் கூடமாகிவிடாதா? பேராசிரியர்தானே நடுநிலையானவர்? அச்சம் நியாயமானது, முடிவு அப்படியல்ல. பல்கலைக்கழக ஆய்வகமும் நிறுவனங்களோடு கூட்டு ஆய்வு செய்கிறது, புதுக் கருவியை முன்கூட்டிப் பெற்றுச் சோதிக்கிறது, காப்புரிமை உரிமத்தொகை பெறுகிறது. இளம் பேராசிரியர்களுக்குச் சங்கம் வழங்கும் ஆய்வுப் பரிசுகளுக்கே நிறுவனங்கள்தான் பணம் தருகின்றன. நிறுவன அடையாள அட்டை கழுத்தில் தொங்கினால் சார்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வக ஒப்பந்தத்தில் இருந்தால் தெரிவதில்லை. தெரியாத சார்பே அதிகக் கவனிப்பைக் கோருவது. ஆகவே தொழிலைப் பார்த்து வடிகட்டுவதைவிட, நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவரும் தம் நிதித் தொடர்புகளை ஆண்டுதோறும் உறுப்பினர் முன் அறிவிப்பதே பொருத்தமான காப்பு. கருவி செய்பவர்களைத் தவிர்த்தாலும்கூட, மருந்து நிறுவனத்தாரும் மருத்துவமனையாரும் பொதுக்கருவி மையத்தாரும் கருவியை வாங்குபவர்களே. அவர்களை ஒதுக்க இந்த வாதம் உதவாது.

இரண்டாவது குறை காலம் பற்றியது. சங்கத்தின் ஆய்விதழ் 1990-இல் தொடங்கிற்று. மைக்கேல் கிராஸ் அதன் முதல் ஆசிரியராக இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார். அந்தக் காலத்தில் தலைவர்கள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் மாறியிருப்பார்கள். இதழின் தரமும் நடையும் நிலைபெற்றது மாறாதிருந்த அந்த ஒரு கையால்தான். பின்னர் 2020 முதல் இதழின் பதிப்புப் பொறுப்பு ஸ்பிரிங்கர் பதிப்பகத்திடமிருந்து அமெரிக்க வேதியியல் கழகத்துக்குப் போயிற்று. இத்தகைய முடிவின் பலனோ பாதிப்போ அதை எடுத்தவர் பதவியில் இருக்கும்போது தெரிவதில்லை. மாநாட்டுக்கு ஓராண்டுச் சுற்று; இதழுக்கும், கல்விக்கும், துறைக்குள் யார் நுழைகிறார்கள் என்பதற்கும் பத்தாண்டுச் சுற்று. குறுகிய பதவிக்காலம் குறுகிய வேலைகளை நன்றாகச் செய்யும், நீண்டவற்றை அடுத்தவருக்குத் தள்ளும். பெருந்தொற்றுக் காலம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிற்று. 2020 மாநாடு இணையவழி ஆனது. 2021 மாநாடு வழக்கமான ஜூனிலிருந்து தள்ளி அக்டோபர் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிற்று. நடுவே தலைமையும் யோஸ்ட்டிடமிருந்து ரிச்சர்ட்சனுக்கு மாறியது. மாநாடு மட்டும் அறுபடவில்லை. முன்னாள், இந்நாள், வருங்காலத் தலைவர்கள் ஒரே குழுவில் இருந்த ஏணி அமைப்புக்கு இதில் பங்குண்டு. மாநாட்டைக் காக்க அந்த முறை போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் தலைமையை ஓரிடத்தில் நிலைநிறுத்திவிடலாமா? அந்த வழிக்கு இந்தியாவில் நெருங்கிய எடுத்துக்காட்டு உண்டு. 1978-இல் தொடங்கிய இந்திய நிறை நிறமாலையியல் சங்கம் மும்பை டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைத் தளமாகக் கொண்டு வளர்ந்தது. யுரேனியம், புளூட்டோனியம் ஐசோடோப்புகளின் விகிதத்தைத் துல்லியமாக அளப்பது அணு எரிபொருள் வேலைக்கு அடிப்படை. ஆகவே கருவியும் வல்லுநரும் அங்கேதான் இருந்தார்கள். அலுவலகமும் தொடர்ச்சியும் சங்கத்துக்கு எளிதில் கிடைத்தன. அதற்குப் பிறகு துறை ஹைதராபாதின் மருந்து ஆய்வகங்களுக்கும் புரத ஆய்வு மையங்களுக்கும் பரவிற்று. புரதவியலார் 2009-இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். இதற்குத் தலைமைமுறையே காரணம் என்று சொன்னால் அது மிகை. சுழற்சித் தலைமையுள்ள அமெரிக்காவிலும் புரதவியலார் தனி அமைப்புக் கண்டார்கள். ஃபென்ஸலாவ்தான் அதன் முதல் தலைவர். ஆனால் ஒரே நிறுவனத்தில் வேர்விட்ட சங்கம் வெளியே முளைப்பவற்றை எட்டுவதற்கு இருமடங்கு முயல வேண்டும் என்பது மட்டும் உறுதி. தொடர்ச்சிக்காகத் தலைமையை நிலைநிறுத்துவது அதிக விலை கேட்கும் தீர்வு.

ஆகவே இரண்டு ஆண்டுச் சுழற்சியை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியவை மூன்று. ஏணியின் முதல் படியில் கால்வைக்கும் வாய்ப்பு பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் முறைவைத்துக் கிடைக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறையாவது தொழில்துறை, மருத்துவமனை, அரசு ஆய்வகம், பொதுக்கருவி மையம் ஆகியவற்றிலிருந்து வேட்பாளர்கள் முன்மொழியப்பட வேண்டும். அவர்கள் தரும் நேரத்துக்கு அவர்கள் வேலை செய்யும் நிறுவனத்துக்குச் சங்கம் ஈடு கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் கட்டணம் செலுத்தி வரும் மாநாட்டை நடத்தும் அமைப்புக்கு இது தாங்கமுடியாத செலவாக இராது. இதழ், கல்வி போன்ற நீண்ட வேலைகளை ஐந்தாறு ஆண்டுப் பொறுப்புள்ள குழுக்களிடம் கொடுத்து, தலைவர் மாறினாலும் அவை உறுப்பினர்களுக்கு நேரடியாகக் கணக்குக் காட்டும்படி செய்ய வேண்டும். இதனால் தலைவரின் அதிகாரம் குறையும் என்பார்கள். குறையட்டும். மாநாட்டை நடத்த ஒரு தலைவர் போதும். ஒரு துறையை வளர்க்க அவர் ஒருவர் என்றும் போதியதில்லை.