படத்தில் இருப்பவருக்கு என்ன பாத்தியதை?

புகைப்படத்தைக் கலை என்று ஒப்புக்கொள்ளவே தயங்கிய காலம் போய், இன்று கண்காட்சி, கேலரி, ஏலம் என்று அது பெரிய வியாபாரமாகிவிட்டது. இருக்கட்டும். ஆனால் ஒளி, நிழல், சட்டகம் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் பதமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படத்தில் நிற்கிற ஆள் யார்? அந்த ஆளுக்கு அந்தப் படத்தில் என்ன பாத்தியதை? இந்தக் கேள்வியைக் கேலரிச் சுவரிலேயே மாட்டிவைத்தவர் கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக் கலைஞர். 1953இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் பிறந்தவர். 1995-96இல் அவர் செய்த ஒரு பட வரிசையை நான் அச்சில்தான் பார்த்தேன். அதன் தலைப்பைத் தமிழில் 'இங்கிருந்து நடந்ததைப் பார்த்தேன், அழுதேன்' என்று சொல்லலாம்.

அந்த வரிசைக்காக வீம்ஸ் கேமராவைக் கொண்டுபோய் யார் முன்னாலும் நிற்கவில்லை. முன்பே எடுக்கப்பட்ட படங்களைத்தான் எடுத்துக்கொண்டார். அவற்றில் நான்கு, 1850இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் ஜோசப் ஜீலி என்பவர் எடுத்தவை. எடுக்க வைத்தவர் ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாசி. கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியாகப் படைக்கப்பட்டவர்கள் என்று நிறுவ அவருக்கு 'மாதிரிகள்' வேண்டியிருந்தன. அடிமைகளாக இருந்தவர்களைக் கூட்டிவந்து, துணியைக் களைந்து, நேராகவும் பக்கவாட்டிலும் வைத்துப் படம் பிடித்தார்கள். ரென்டி, அவர் மகள் டீலியா. ஜாக், அவர் மகள் டிரானா. அப்பனை எடுத்த அதே ஸ்டூடியோவில் மகளின் மேலாடையை இடுப்புக்கு இறக்கி எடுத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

அந்தக் காலத்துப் படம் காகிதத்தில் இல்லை. வெள்ளி பூசிய செப்புத் தகடு, டாகுரோடைப் என்பார்கள். பிரதி கிடையாது, ஒரே ஒரு தகடுதான். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். பார்க்கிறவர் முகமும் அதில் விழும். ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்தில் ஒரு பரணில் கிடந்த இந்தத் தகடுகள் 1976இல்தான் கண்டெடுக்கப்பட்டன.

வீம்ஸ் இவற்றைப் பெரிதாக்கி, ரத்தச் சிவப்புச் சாயம் ஏற்றி, வட்டச் சட்டத்துக்குள் வைத்தார். மேலே போட்ட கண்ணாடியில் எழுத்தைப் பொறித்தார். வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் நீலச் சாயத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் பக்கவாட்டு முகம். நடுவில் நடக்கிற அத்தனையையும் இரண்டு பக்கத்திலிருந்தும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடியில் இருக்கிற எழுத்து நம்மோடு பேசவில்லை என்பதுதான் முக்கியம். டீலியாவோடும் ரென்டியோடும் பேசுகிறது. உன்னை இப்படியெல்லாம் ஆக்கினார்களே என்கிற தொனி. பார்வையாளர் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறவர்தான். ஆங்கிலத்தில் அவருக்கு 'யூ' என்று ஒரே சொல் போதும். நாம் தமிழில் சொல்ல வந்தால் மாட்டிக்கொள்வோம். நரைத்த தாடியோடு நிற்கிற ரென்டியை 'நீ' என்றால் அது ஆண்டை வீட்டுச் சின்னப்பயல் எங்க தாத்தாவைக் கூப்பிட்ட 'நீ' ஆகிவிடும். 'நீங்கள்' என்றால் மேடை மரியாதை வந்து நெருக்கம் போய்விடும். நான் நெடுநாள் யோசித்து டீலியாவுக்கு 'நீ', ரென்டிக்கு 'நீங்க' என்று வைத்துக்கொண்டேன். 'நீங்கள்' அல்ல, 'நீங்க'. வீட்டில் அப்பாவைச் சொல்வது மாதிரி.

இனி சொத்துக் கதை. தன் உரிமையில் இருந்த படங்களை வீம்ஸ் கையாண்டது தெரிந்து ஹார்வர்ட் வழக்குப் போடுவதாக மிரட்டியது. போடுங்கள், நீதிமன்றத்தில் வைத்து ஊரறியப் பேசுவோம் என்று தான் நினைத்ததாக வீம்ஸ் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். வழக்கு வரவில்லை. கடைசியில் ஹார்வர்டே அந்தப் படைப்பின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிக்கொண்டது! திருடப்பட்ட முகத்தைத் திருப்பிக் காட்டினால் முதலில் மிரட்டல், பிறகு கொள்முதல். நிறுவனங்கள் எதிர்ப்பைச் செரிக்கிற விதம் இது. ரென்டியின் வழிவந்தவர் என்று சொல்லும் டமாரா லேனியர் 2019இல் வழக்குப் போட்டார். படத்தில் இருப்பவர் என்பதாலேயே படம் அவருக்குச் சொந்தமாகாது என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. மன வேதனைக்காக வழக்கைத் தொடர மட்டும் வழிவிட்டது. 2025 மே மாதம் சமரசமாகி, தகடுகளைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஹார்வர்ட் ஒப்புக்கொண்டது.

இது அந்நிய தேசத்து விவகாரம் என்று ஒதுக்காதீர்கள் தோழர்களே. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன் பறையர் முதலான சாதியாரின் மண்டையையும் மூக்கையும் அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் நம்மவர் படங்கள் உண்டு. படத்துக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. அந்த நூலைத்தான் நாமும் நம் வரலாற்றுக்கு மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். என் ஆத்தாளுக்கு இருக்கிற ஒரே படம் செத்த பிறகு எடுத்தது. ஸ்டூடியோக்காரர் சேரிக்குள் வரமாட்டேன் என்றதால், நாற்காலியோடு ரோட்டுக்குத் தூக்கிப்போய் எடுத்தோம். அந்தப் படத்தை எவரும் கண்காட்சியில் வைக்க நான் விடமாட்டேன்.

அதனாலேயே வீம்ஸிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. டீலியாவின் திறந்த மார்பை அவரும்தான் பெரிதாக்கி மாட்டினார். சாயமும் எழுத்தும் அதன் மேல் விழுகின்றன, சரி, ஆனால் மூடவில்லை. மூடினால் நடந்தது மறைந்துபோகும் என்பார்கள். இருக்கலாம். டீலியாவைக் கேட்க முடியாது என்பது மட்டும் 1850இல் இருந்த மாதிரியே இருக்கிறது.

தன் உடம்பையே வைத்து அவர் செய்தவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. 1990இன் 'சமையலறை மேசை' வரிசையில் தன் வீட்டு மேசையில், தொங்குகிற ஒற்றை விளக்கின் கீழ், காதலனோடும் தோழிகளோடும் மகளோடும் ஒரு பெண்ணாக அவரே நடிக்கிறார். 2006இல் தொடங்கிய அருங்காட்சியக வரிசையில் நீளக் கறுப்பு அங்கியோடு லூவ்ர் போன்ற கட்டடங்களுக்கு முன்னால் நிற்கிறார். நமக்கு முதுகுதான் தெரியும். கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனைத் தெரிந்தவர்களுக்கு அந்த நிற்றலை விளக்க வேண்டாம். ஆனால் இவர் உருகவில்லை, நந்தி விலகக் காத்திருக்கவும் இல்லை. நிமிர்ந்து, வாசலை அளக்கிற மாதிரி நிற்கிறார். நியூயார்க் குகன்ஹைம் கட்டடம் 1959இல் திறந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் வாழ்நாள் படைப்புகளை அங்கே முதன்முதலாக வைத்தது 2014இல். அந்தப் பெண் வீம்ஸ்.