அறளை பெயர்ந்தவரும் ஆள் என்னும் நிலையும்

முதுமையில் அறிவு தடுமாறியவரை 'அறளை பெயர்ந்தவர்' என்று குறிப்பிடுதல் ஈழத்துப் பேச்சு வழக்காகும். அவ்வழக்கில் ஏளனமும் உண்டு, மன்னிப்பும் உண்டு. அவர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது ஏளனம். அவர்மீது குற்றமில்லை என்பது மன்னிப்பு. இரண்டுமே இனி அவரிடம் அறிந்துகொள்ள எதுவுமில்லை என்னும் முடிவுக்கு நம்மை இட்டுச் செல்கின்றன. டிமென்சியா எனப்படும் இந்நிலை முதுமையின் இயல்பன்று, மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவே என்று மருத்துவம் நிறுவிய பின்னரும், அம்முடிவு நமது கலைப் படைப்புகளில் பெரிதும் மாறாதிருப்பது ஆராயத்தக்கது.

மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) என்னும் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். அல்ஸைமர் நோய்க்கு ஆளான பவானியாக லீலா சாம்சனும், அவரைப் பேணும் கணவராகப் பிரகாஷ் ராஜும் நடித்துள்ளனர். மனைவியைப் பரிவோடு பராமரிக்கும் ஓர் ஆண்மகனைத் தமிழ்த் திரையில் நிறுத்தியமை பாராட்டுக்குரியதே. எனினும் படம் நோயின் தொடக்க நிலையோடு நின்றுவிடுகிறது. பவானி வழிதவறிப் போதலும் இளங்காதலர் ஒரு முடிவுக்கு வருவதற்குரிய வாயிலாகவே பயன்படுகிறது. பிளெஸியின் மலையாளப் படமான 'தன்மாத்ரா' (2005) இதனினும் முன்செல்கிறது. மோகன்லால் ஏற்ற பாத்திரம் குழந்தையின் நிலைக்குத் தேய்வதை அது தயங்காது காட்டுகிறது. ஆயினும் அங்கும் பராமரிப்பு என்பது குடும்பத்தாரின் தியாகத்துக்குச் சான்றாகவே வருகிறது. நோயாளியைக் குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் உள்ள நுட்பம் கலைஞரின் கவனத்தை ஈர்க்கவில்லை. நினைவே ஆள் என்று கொண்டுவிட்டால், நினைவு போனபின் சொல்ல எஞ்சுவது சோகம் மட்டுமே அல்லவா?

இங்கிலாந்தின் பிறட்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொம் கிற்வுட் 1997இல் வெளியிட்ட நூல் இக்கொள்கையையே மறுத்தது. ஒருவரைப் பிறர் ஆளாக ஏற்று உறவாடுவதிலேயே ஆள் என்னும் நிலை தங்கியுள்ளது என்பது அவர் வாதம். ஏமாற்றுதல், விரைவுபடுத்துதல், ஒருவர் அருகில் இருக்கையிலேயே அவர் இல்லாததுபோல் பேசுதல் முதலியன அந்நிலையைச் சிதைக்கும் என்று அவர் வகைப்படுத்திக் காட்டினார்.

இத்தத்துவத்தைக் காட்டிலும், தாதியரின் கைகளில் இது பெற்ற வடிவமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீவிர நிலையடைந்தவரைப் பராமரிப்பதில் பெரும் போராட்டம் குளியலின்போது நிகழ்வது. தம் ஆடையை அந்நியர் ஏன் களைகின்றனர் என்று விளங்காதவர் அடிப்பதும் கடிப்பதும் தற்காப்பே. அமெரிக்காவில் பிலிப் சுலோன் குழுவினர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கற்பாலது. குளியலை ஒவ்வொருவரின் விருப்புக்கேற்ப மாற்றியமைத்தபோதும், படுக்கையிலேயே போர்த்தியபடி வெதுவெதுப்பான ஈரத்துவாயினால் துடைத்தபோதும் இத்தகைய எதிர்ப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. மூளையின் சேதம் இருந்தபடியே இருந்தது. பராமரிப்பவரின் முறை மாறியது. ஊட்டலும் அத்தகையதே. மறதிநோயின் இறுதிக் கட்டத்தில் குழாய்வழி உணவூட்டுவதை விடக் கவனமாகக் கையால் ஊட்டுதலே ஏற்றது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது.

இக்கருத்துகளை நம்மூர்ச் சூழலில் வைத்து நோக்குவோம். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் வயல் சூழ்ந்து கிடக்கும் மாவடிப்பள்ளியில், தீவிர நிலையடைந்த ஓர் உம்மம்மாவைக் கற்பனை செய்துகொள்க. இக்கரையோரத்தில் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழிக் குடிமுறை வேரூன்றியது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மருமகன் அங்கு வந்து வாழ்கிறான். முதிய தாய் பெரும்பாலும் மகளின் வீட்டிலோ அதே வளவிலோ இருப்பாள். ஆகவே அவளது வாழ்நாட் பழக்கங்களை அறிந்தவர் அருகிலேயே உள்ளனர். ஐம்பது ஆண்டுகளாக நாளும் ஐவேளை வுழூச் செய்த கைகளுக்கு, பிள்ளைகளின் பெயர் மறந்த பின்னரும் அவ்வொழுங்கு நிலைத்திருக்கக் கூடும். கைப்பழக்கம் பெயர்நினைவை விட மெதுவாகவே தேய்வது. எனவே தலையில் நீரை ஊற்றித் தொடங்காது, கைகளில் தொடங்கி, வாய், முகம் என்று அவள் அறிந்த ஒழுங்கிலேயே கழுவிச் செல்லலாம். முக்காட்டை இறுதியாக நீக்கி, முதலில் அணிவிக்கலாம். அறிவு நீங்கியவர்மீது தொழுகை கடமையன்று என்பது மார்க்கச் சட்டமாதலால் அவளை வற்புறுத்துதல் வேண்டா. தக்பீர் சொல்லக் கை உயருமாயின் தடுத்தலும் வேண்டா.

ஆயினும் 'எங்கள் குடும்பங்கள் பார்த்துக்கொள்ளும்' என்னும் பெருமிதத்தை நான் ஏற்பதற்கில்லை. முதியவரின் தடுமாற்றம் பிள்ளைகளின் புறக்கணிப்புக்கு அடையாளமாக வாசிக்கப்படுவதை, மானிடவியலாளர் லோறன்ஸ் கோஹன் வாரணாசியை மையமாகக் கொண்டு 1998இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். அத்தகைய ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் மகள் நோயை மறைக்கவே முனைவாள். மேலும் அவள் தாயை அறிவாளேயன்றி நோயை அறியாள். "ஆரு எண்டு தெரியல்லியா உம்மா?" என்று நாள்தோறும் பரீட்சை வைப்பாள். படுத்த நிலையில் ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும் என்பதை அவளுக்கு யார் சொன்னது? திடீரென மிகும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம் என்பதோ, முகச் சுளிப்பே வலியின் மொழியாகலாம் என்பதோ அன்பினால் மட்டும் தெரிந்துவிடுவதில்லை.

கிற்வுட்டுடன் நான் முரண்படுவதும் இவ்விடத்திலேதான். ஆள் என்னும் நிலை பிறர் வழங்குவதாயின், வழங்கும் மகள் களைத்துச் சோரும்போது அது என்னாகும்? வுழூவை நாடி நீளும் கை எவரும் வழங்கியதன்று, அது அவளுடையது. தாதி செய்ய வேண்டியது அதனைக் கண்டறிதல்.

கண்டறிந்ததை எழுதிவைக்கவும் வேண்டும். கர்ப்பிணியின் வீடு தேடிச் சென்று, ஒவ்வொருத்திக்கும் தனிப்பதிவு பேணும் குடும்பநல உத்தியோகத்தரை நம் கிராமங்கள் நன்கறியும். அதுபோன்றதோர் ஏடு முதியவளுக்கும் இருத்தல் கூடும்: வீட்டில் அவளை எப்படி அழைப்பர், எப்பக்கம் சரிந்து உறங்குவாள், தேநீரில் எவ்வளவு சீனி, எந்த முனகல் வலியைக் குறிக்கும், எவரைக் குளிப்பாட்ட அனுமதிப்பாள். மகள் சொல்லத் தாதி எழுதிய அவ்வேடு, கல்முனை வைத்தியசாலையில் அவள் அனுமதிக்கப்படும் ஓர் இரவில், மகள் உடனிருக்க இயலாதபோது, விடுதித் தாதியின் கையில் இருக்கும்.